நிதிச் சுதந்திரத்தைத் தேடும் வழியில் நேரத்தை இழக்காமல் இருப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சம்பளம் நின்றுபோனாலும் வாழ்க்கைச் செலவைத் தாங்கும் அளவுக்கு முதலீடு சேர்ந்திருக்கும் நிலையையே நிதிச் சுதந்திரம் என்கிறோம். அதற்கான கணக்குகளுக்குப் பள்ளிக் கணிதமே போதும். ஆனால் அந்த நிலையை எட்டப் புறப்படுகிறவர்களில் பலர், எதற்காகப் புறப்பட்டார்களோ அதையே வழியில் இழந்துவிடுகிறார்கள். தம் நேரம் தம் கையில் இருக்க வேண்டும் என்றுதான் சேமிக்கத் தொடங்குகிறார்கள். பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கு உறக்கம், உடல்நலம், பிள்ளைகளின் குழந்தைப் பருவம், பெற்றோருடன் இருக்கக் கிடைக்கும் காலம் என எல்லாவற்றையும் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைக்கிறார்கள். ஐந்து வயதுக் குழந்தை, நாம் ஓய்வு பெறும்வரை ஐந்து வயதிலேயே காத்திருக்காது.

சுதந்திரம் முழுவதையும் கடைசி நாளில் ஒரே தவணையில் பெற வேண்டியதில்லை. வழி நெடுகச் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை, பெரும்பாலானோர் அஞ்சுவதைவிட மிகக் குறைவு. அதைக் கணக்கோடு காட்டுவதும், அந்தக் கணக்கை ஒருவர் தம் வாழ்க்கைக்குப் பொருத்திக்கொள்ளும் முறையைப் படிப்படியாகச் சொல்வதுமே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

படி 1: விடுபட்ட வாரம் ஒன்றை எழுதிப் பாருங்கள்

முதலீட்டைப் பற்றி யோசிக்கும் முன், வேலைக்குப் போக வேண்டிய கட்டாயமே இல்லாத ஒரு சாதாரண வாரத்தைத் திங்கள் காலை முதல் ஞாயிறு இரவு வரை தாளில் எழுதுங்கள். சுற்றுலா வாரத்தை எழுதக் கூடாது. எந்த விசேஷமும் இல்லாத வாரத்தைத்தான் எழுத வேண்டும். எப்போது எழுவீர்கள், யாரோடு பேசுவீர்கள், எந்த வேலையைக் காசுக்காக இல்லாமல் செய்வீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

எழுதி முடித்ததும், அதில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே, "இதற்குத் தேவைப்படுவது பணமா, நேரமா, அனுமதியா?" என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையில் அவசரமின்றி நடப்பது, ஒரு மொழியையோ இசைக் கருவியையோ கற்பது, நண்பரைப் போய்ப் பார்ப்பது போன்றவற்றுக்குப் பெருந்தொகை தேவையில்லை. வாரத்துக்கு நான்கைந்து மணி நேரமும், அதை எடுத்துக்கொள்ளும் துணிவும் போதும். அவற்றை இந்த மாதமே தொடங்கிவிடலாம். மிஞ்சி நிற்பவற்றுக்கு மட்டுமே முதலீடு வேண்டும். இந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்வரும் எல்லா முடிவுகளுக்கும் இதுதான் அளவுகோல்.

படி 2: ஒரு மணி நேர உழைப்பின் உண்மையான விலையைக் கண்டுபிடியுங்கள்

சம்பளத்தை அலுவலக நேரத்தால் வகுத்தால் கிடைப்பது உண்மையான கூலி அல்ல. வேலைக்காகச் செலவாகும் நேரம் முழுவதையும் கூட்டி, வேலைக்காகவே ஆகும் செலவுகளைக் கழித்த பிறகுதான் அது தெரியும்.

ஒருவருக்கு வரி போக வாரத்துக்கு 100 கிடைக்கிறது, அலுவலகத்தில் 45 மணி நேரம் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு 2.22. இப்போது போய்வர 8 மணி, கிளம்பத் தயாராவதற்கு 4 மணி, வீடு திரும்பிய பின் எதுவும் செய்ய முடியாமல் சோர்ந்து கிடக்கும் 5 மணி, விடுமுறையிலும் இரவிலும் கைபேசியில் பதில் சொல்லும் 3 மணி ஆகியவற்றைச் சேர்த்தால் மொத்தம் 65 மணி நேரம். பயணம், உடை, சமைக்க நேரமில்லாததால் வெளியில் உண்பது போன்றவற்றுக்கு 12 போனால் மிச்சம் 88. எனவே உண்மையான கூலி மணிக்கு 1.35 மட்டுமே, முதலில் நினைத்ததைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவு. ஒரு வாரச் சம்பளத்துக்கு வாங்கும் பொருள் 45 மணி நேர உழைப்பை விழுங்கியது என்று நினைத்திருப்பார். உண்மையில் அது 74 மணி நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த எண் கையில் இருந்தால் இரண்டு நன்மைகள் உண்டு. முதலாவது, எந்தச் செலவையும் மணி நேரத்தில் மொழிபெயர்த்துப் பார்க்கலாம். சில செலவுகள் அப்போது அற்பமாகத் தெரியும்; சில செலவுகள், அவை தரும் மகிழ்ச்சிக்கு மிக மலிவாகவும் தெரியும். இரண்டாவது நன்மை பெரிது: அதிகச் சம்பளம் தரும் வேலைகளை ஒப்பிடும்போது ஏமாறாமல் இருக்கலாம். சம்பளம் 15 சதவீதம் கூடுகிறது, பயண நேரமும் இரவு அழைப்புகளும் சேர்ந்து வேலைக்கான மொத்த நேரம் 25 சதவீதம் கூடுகிறது என்றால், அது மணிக்கணக்கில் சம்பளக் குறைப்பு.

பயண நேரத்தை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய குழுவினரும், அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குச் செல்லும் 909 பெண்களிடம் முந்தைய நாளை நிகழ்ச்சி நிகழ்ச்சியாக நினைவுகூரச் சொல்லி நடத்திய ஆய்வு 2004இல் வெளியானது. நாளின் நடவடிக்கைகளில் மிகக் குறைந்த மகிழ்ச்சி தந்ததாக அதில் தெரியவந்தது காலையில் வேலைக்குப் போகும் பயணம். வீட்டையோ வேலையையோ மாற்றிப் பயணத்தைப் பாதியாக்க முடிந்தால், அது பல சம்பள உயர்வுகளைவிட மதிப்புள்ளது என்பது என் உறுதியான கருத்து.

படி 3: செலவை அளந்து, இலக்கை வையுங்கள்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது இங்கே அப்படியே பொருந்தும். குறைக்க முயலாமல், மூன்று மாதங்களுக்குச் செலவைக் குறித்துவருவது போதும். ஆண்டுக்கு ஒரு முறை வரும் காப்பீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம், பழுதுபார்ப்பு ஆகியவற்றைப் பன்னிரண்டால் வகுத்து மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுச் செலவு தெரிந்ததும் இலக்கு எளிது. 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், பங்குகளும் கடன் பத்திரங்களும் கலந்த முதலீட்டிலிருந்து முதலாண்டில் 4 சதவீதத்தை எடுத்து, பிறகு ஒவ்வோர் ஆண்டும் பணவீக்கத்துக்கு ஏற்ப அத்தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலும், அந்நாட்டின் கடந்தகாலச் சந்தை வரலாற்றில் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பணம் தீராமல் இருந்திருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு என்ற பரவலான இலக்கு அந்த 4 சதவீதத்திலிருந்து வந்ததுதான்.

இந்த விதியை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஒரு நாட்டின் வரலாறு. 30 ஆண்டுக் காலத்துக்கான கணக்கு. நாற்பது வயதில் வேலையை விடுகிறவருக்கு ஐம்பது ஆண்டுகள் தேவைப்படலாம். எச்சரிக்கையாக இருக்க விரும்புகிறவர்கள் 3.5 சதவீதத்தை வைத்து 28.6 மடங்கு என்றும், 3 சதவீதத்தை வைத்து 33 மடங்கு என்றும் இலக்கு வைத்துக்கொள்ளலாம். இங்கே வரும் எடுத்துக்காட்டுகளில் 25 மடங்கையே பயன்படுத்துகிறேன்.

படி 4: சேமிப்பு விகிதத்தை ஆண்டுகளாக மாற்றிப் பாருங்கள்

இலக்கை அடைய எத்தனை ஆண்டு ஆகும் என்பதை, வருமானத்தின் அளவைவிட அதில் எத்தனை சதவீதத்தைச் சேமிக்கிறோம் என்பதே தீர்மானிக்கிறது. பணவீக்கம் போக முதலீடு ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்கிறது என்று கொண்டால், வெறுங்கையோடு தொடங்குகிறவர் 10 சதவீதம் சேமித்தால் சுமார் 51 ஆண்டுகளும், 20 சதவீதத்துக்கு 37 ஆண்டுகளும், 40 சதவீதத்துக்கு 21.6 ஆண்டுகளும், 50 சதவீதத்துக்கு 16.6 ஆண்டுகளும், 60 சதவீதத்துக்கு 12.4 ஆண்டுகளும் ஆகும்.

இந்த வரிசையைப் பார்க்கும்போது, 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு உயர்வதால் 14 ஆண்டுகள் மிச்சமாவதையும், 50இலிருந்து 60க்கு உயர்வதால் 4 ஆண்டுகளே மிச்சமாவதையும் கவனிக்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேமிப்பதன் பலன் சுருங்கிக்கொண்டே போகிறது. எல்லோராலும் 50 சதவீதம் சேமிக்க முடியாது என்பதும் உண்மைதான். வருமானமே அடிப்படைத் தேவைகளுக்குப் போதாதவருக்கு, சிக்கனத்தைவிட வருமானத்தை உயர்த்தும் திறனைக் கற்பதே முதல் வேலை.

படி 5: சிறு சுதந்திரங்களுக்குப் பெயர் வையுங்கள்

25 மடங்கு என்ற எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், இருபது ஆண்டுகளுக்கு நாம் அடிமை, பிறகு ஒரே நாளில் விடுதலை என்ற மனநிலை வந்துவிடும். உண்மையில் ஒவ்வொரு கட்டத்திலும் கையில் ஒரு புதிய உரிமை சேர்கிறது.

அதிக வட்டிக் கடன்கள் தீர்ந்து, மூன்று முதல் ஆறு மாதச் செலவு வங்கியில் இருந்தால், ஒரு வேலை போனாலும் கிடைத்ததை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஓராண்டுச் செலவு இருந்தால், அவமதிக்கும் மேலதிகாரியிடம் முடியாது என்று சொல்லலாம். துறையை மாற்றிக்கொள்ளப் படிக்கலாம். இரண்டு, மூன்று ஆண்டுச் செலவு இருந்தால் சொந்தத் தொழிலை முயன்று பார்க்கலாம்.

அடுத்த கட்டம் பலருக்குத் தெரியாதது. 35 வயதில் ஆண்டுச் செலவைப் போல 7.4 மடங்கு முதலீடு இருந்து, அதில் கைவைக்காமல் விட்டுவிட்டால், மேலே சொன்ன 5 சதவீத வளர்ச்சியில் 60 வயதில் அது 25 மடங்காகிவிடும். 30 வயதில் என்றால் 5.8 மடங்கு போதும். 45 வயதில் 12 மடங்கு வேண்டும். அந்த எல்லையைத் தாண்டியவர் முதுமைக்காக இனி ஒரு காசும் சேமிக்க வேண்டியதில்லை. அன்றாடச் செலவுக்கு மட்டும் சம்பாதித்தால் போதும். வருமானத்தில் பாதியைச் சேமிக்கிறவர் 7.4 மடங்கை ஆறரை ஆண்டுகளுக்குள் எட்டிவிடுவார்.

படி 6: முழுநேர ஓட்டத்தையும் நிதானமான பாதையையும் ஒப்பிடுங்கள்

ஆண்டு வருமானம் 100, செலவு 50, சேமிப்பு 50 என்று உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய இலக்கு 1,250. முழுநேரமும் உழைத்தால் 16.6 ஆண்டுகளில் அதை அடைவார்.

இவரே முதல் நாளிலிருந்து வாரத்துக்கு நான்கு நாள் மட்டும் வேலை செய்கிறார், வருமானம் 80 ஆகிறது, செலவு மாறவில்லை என்போம். சேமிப்பு 30 ஆகக் குறைகிறது. இலக்கை அடைய 23.1 ஆண்டுகள் ஆகின்றன. ஆறரை ஆண்டு தாமதம் என்று கேட்டவுடன் பலர் இந்த வழியை ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் உழைக்கும் நாட்களை எண்ணுங்கள். முதல் பாதையில் வாரத்துக்கு 5 நாள் வீதம் 16.6 ஆண்டுகள், இரண்டாவதில் 4 நாள் வீதம் 23.1 ஆண்டுகள். பெருக்கினால் 83, 92.4. மொத்த உழைப்பு 11 சதவீதம்தான் கூடுகிறது. அதற்கு ஈடாக, இளமையும் உடல்வலுவும் உள்ள 23 ஆண்டுகளுக்கு ஒவ்வொரு வாரமும் மூன்று நாட்கள் சொந்தமாகின்றன.

இன்னொரு பாதை இதைவிட வியப்பானது. அவர் முதலில் முழுநேரம் உழைத்து இலக்கில் பாதியான 625ஐச் சேர்க்கிறார். அதற்குப் பத்து ஆண்டுகள் ஆகும். பிறகு வேலையைப் பாதியாகக் குறைக்கிறார். வருமானம் 50, செலவும் 50. இனி சேமிப்பு கிடையாது. ஆனால் முதலீட்டைத் தொடாததால் அது 14.2 ஆண்டுகளில் தானாகவே இரட்டிப்பாகி 1,250ஐ எட்டுகிறது. அரைநேரமாக 14.2 ஆண்டு உழைப்பது முழுநேரமாக 7.1 ஆண்டு உழைப்பதற்குச் சமம். மொத்தம் 17.1 முழு ஆண்டுகளின் உழைப்பு. இடைவிடாமல் ஓடியவர் 16.6 ஆண்டு உழைத்தார். வித்தியாசம் அரை ஆண்டுதான்! அந்த அரை ஆண்டு உழைப்பைக் கூடுதலாகக் கொடுத்ததற்கு, பதினான்கு ஆண்டுகளுக்கு அரைநாள் வாழ்க்கை கிடைத்திருக்கிறது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. காலத்தை நீட்டியபோது, நாம் உழைத்துச் சேர்த்திருக்க வேண்டிய பணத்தை ஏற்கெனவே போட்டுவைத்த முதலீடே சம்பாதித்துக் கொடுத்தது, அவ்வளவுதான். அதே காரணத்தால் வளர்ச்சி குறைந்தால் இந்தச் சாதகமும் குறையும். பணவீக்கம் போக 3 சதவீதம்தான் கிடைக்கிறது என்றால், முழுநேரப் பாதைக்கு 18.9 ஆண்டுகளும், பாதிவேலைப் பாதைக்கு 22.5 முழு ஆண்டுகளின் உழைப்பும் தேவை. அப்போதும் அது நியாயமான பேரம்தான் என்பேன்; இருந்தாலும் கணக்கைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். பாதிநேர வேலைக்குப் பாதிச் சம்பளம் கிடைக்காத துறைகள் பல உண்டு. பதவி உயர்வு நிற்கலாம். ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் முழுநேர ஊழியருக்கு மட்டும் என்று இருக்கலாம். உங்கள் சொந்த எண்களைப் போட்டு இந்தக் கணக்கை ஒரு முறையாவது செய்து பாருங்கள்.

படி 7: நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்

சம்பள உயர்வு தருவதாகச் சொல்லும் நாள்தான் நேரத்தைக் கேட்பதற்கு ஏற்ற நாள். உயர்வின் ஒரு பகுதிக்குப் பதிலாக வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை, கூடுதல் விடுப்பு, மாலை ஆறு மணிக்குப் பிறகு அழைப்பு கூடாது என்ற ஏற்பாடு ஆகியவற்றில் ஒன்றைக் கேட்கலாம். "எனக்கு ஓய்வு வேண்டும்" என்று தொடங்காமல், எந்தப் பணிகளை எப்படி முடித்துத் தருவீர்கள், அவசரம் வந்தால் யார் பொறுப்பேற்பார் என்பதை எழுதிக்கொண்டு போய், மூன்று மாதச் சோதனையாகக் கேட்டால் சம்மதம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

1930இல் பொருளாதார அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ், நூறு ஆண்டுகளுக்குள் மக்கள் வாரத்துக்கு 15 மணி நேரம் உழைத்தால் போதும் என்ற நிலை வரும் என்று கணித்தார். உற்பத்தித் திறன் வளர்ந்த அளவுக்கு வேலை நேரம் குறையவில்லை. கூடிய வருமானத்தின் பெரும்பகுதி கூடுதல் நுகர்வாகவே போனது ஒரு முக்கியக் காரணம். தனிமனிதர் வாழ்விலும் இதுவே நடக்கிறது. ஒவ்வொரு உயர்வும் வருவதற்கு முன்பே அதை மூன்றாகப் பிரித்துவிடுவது நல்லது: ஒரு பங்கு முதலீட்டுக்கு, ஒரு பங்கு நேரத்தை வாங்க, ஒரு பங்கு வாழ்க்கை வசதிக்கு.

படி 8: காசு கொடுத்தும் நேரத்தை வாங்குங்கள்

சேமிப்பில் ஊறியவர்களுக்கு இது கசக்கும். எல்லாவற்றையும் தாமே செய்வது பெருமை என்று பழகியிருப்பார்கள். ஆஷ்லி வில்லன்ஸும் சக ஆய்வாளர்களும் பல நாடுகளில் 6,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், பிடிக்காத வேலைகளிலிருந்து விடுபடப் பணம் செலவழித்தவர்கள், வருமான வேறுபாட்டைக் கணக்கில் கொண்ட பிறகும், வாழ்வில் கூடுதல் நிறைவு உள்ளவர்களாக இருந்தார்கள்.

படி 2இல் கண்ட மணிக்கூலியைவிடக் குறைந்த செலவில் ஒரு மணி நேரம் மிச்சமாகுமானால், அந்த வேலை உங்களுக்கு வெறுப்பூட்டுவதாகவும் இருந்தால், தயங்காமல் கொடுத்துவிடுங்கள். ஆனால் சமைப்பதோ தோட்ட வேலையோ உங்களுக்கு இன்பம் தருகிறது என்றால் அதை விற்காதீர்கள். மிச்சமான மணி நேரம் எங்கே போகப் போகிறது என்பதையும் முன்கூட்டியே குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் அலுவலக மின்னஞ்சலோ கைபேசித் திரையோ அதை எடுத்துக்கொண்டுவிடும்.

படி 9: வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்

ஒருவர் மட்டும் தீர்மானித்த சிக்கனம் மற்றவருக்குத் தண்டனையாகத்தான் தெரியும். கணவனும் மனைவியும் தனித்தனியாகப் படி 1இன் தாளை எழுதி, பிறகு மாற்றிப் படித்துப் பாருங்கள். ஒருவர் எழுதிய வாரத்தில் மற்றவருக்கு வேலை மட்டுமே மிச்சமிருந்தால், அந்தத் திட்டத்தை மாற்ற வேண்டும். ஒருவருடைய சுதந்திரம் மற்றவருடைய சம்பளமில்லாத உழைப்பின் மேல் கட்டப்படக் கூடாது. குழந்தையையோ முதியவரையோ பார்த்துக்கொள்ளும் நேரத்தையும் உழைப்பு நேரமாகவே கணக்கில் எழுதுங்கள்.

படி 10: வேலையிலிருந்து படிப்படியாக இறங்குங்கள்

இலக்கை நெருங்கும்போது, "இன்னும் ஓர் ஆண்டு" என்று தள்ளிப்போடும் பழக்கம் பலரையும் பிடித்துக்கொள்கிறது. அந்த அச்சத்துக்கு ஓர் உண்மையான காரணம் உண்டு. பணம் எடுக்கத் தொடங்கிய பிறகு, சந்தை எவ்வளவு லாபம் தருகிறது என்பதோடு எந்த வரிசையில் தருகிறது என்பதும் முக்கியமாகிவிடுகிறது. 100 முதலீட்டில் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 4 எடுப்பதாகக் கொள்வோம். நான்கு ஆண்டுகளில் சந்தை முறையே 20, 10 சதவீதம் இறங்கி, பிறகு 20, 30 சதவீதம் ஏறினால், கடைசியில் 90.8 மிஞ்சும். அதே ஏற்ற இறக்கம் தலைகீழாக, ஏற்றம் முதலிலும் இறக்கம் பின்னும் வந்தால் 98.3 மிஞ்சும். பணமே எடுக்காமல் இருந்திருந்தால் இரண்டிலும் 112.3தான்.

ஆகவே ஓய்வின் முதல் ஐந்தாறு ஆண்டுகளே ஆபத்தானவை. அந்த ஆண்டுகளில் விருப்பமான வேலையை வாரத்துக்கு இரண்டு நாள் செய்து செலவில் பாதியைச் சம்பாதித்தாலே, முதலீட்டிலிருந்து எடுப்பது 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்துவிடும். இரண்டு ஆண்டுச் செலவை ஏற்ற இறக்கம் இல்லாத வைப்பில் தனியே வைத்திருந்தால், இறங்கிய சந்தையில் விற்க வேண்டிய நெருக்கடியும் வராது. மருத்துவக் காப்பீட்டை வேலையை விடும் முன்பே, உடல்நலம் நன்றாக இருக்கும்போதே, சொந்தப் பெயரில் எடுத்துவிடுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு மாதமாவது நீண்ட விடுப்பு எடுத்து, படி 1இல் எழுதிய வாரத்தை அப்படியே வாழ்ந்து பாருங்கள். அதில் எது நிறைவு தந்தது, எது வெறும் கற்பனையாகப் போனது என்பது அந்த மாதத்துக்குள் தெரிந்துவிடும். திருத்திய தாளை வைத்து ஆண்டுச் செலவை மறுபடி கணக்கிட்டால், இலக்கு முன்பு நினைத்ததைவிடச் சிறியதாகவும் இருக்கலாம், பெரியதாகவும் இருக்கலாம். எதுவானாலும் அந்தப் புதிய எண்ணை வைத்துப் படி 6இன் கணக்கை மீண்டும் போட்டு, வாரத்துக்கு எத்தனை நாள் வேலை என்பதை அதன்படி முடிவு செய்யுங்கள்.